பேரேட்டில் ஒரு பெயர்

நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் வட்டிக்கடைகளில் கணக்கு எழுதிய விதத்தில் ஒரு விசேஷம் உண்டு. வியாபாரத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கென்று எடுத்துவைப்பார்கள். அதற்கு மகமை என்று பெயர். எடுத்துவைத்த தொகை முதலாளியின் இஷ்டத்துக்கு விட்ட பணமாக நிற்காது. பேரேட்டில் சாமி பேரில் ஒரு பற்றுவரவைத் தொடங்கி அதில் வரவு வைத்துவிடுவார்கள். பிறகு ஐந்தொகை எடுக்கும்போது, கடை யார் யாருக்குத் தர வேண்டும் என்ற பட்டியலில் வட்டிக்குப் பணம் போட்ட பங்காளிகளோடு முருகனும் பிள்ளையாரும் வந்து நிற்பார்கள். ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று கடை வைத்த ஊரிலெல்லாம் இந்தப் பழக்கம் கூடவே போயிற்று. ஆக, கணக்குப்பிள்ளையின் கண்ணில் கோயிலுக்குக் கொடுத்தது கொடையே இல்லை. அது நிலுவை. நிலுவையைத் தீர்த்தவனுக்கு யாரும் மாலை போடுவதில்லை.

அந்தச் சமூகத்தில் பிறந்த அழகப்ப செட்டியாரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய சிலைகளைவிட இந்தக் கணக்கு முறைதான் முதலில் ஞாபகம் வருகிறது.

1909 ஏப்ரல் 6இல் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. முடித்தார். செட்டிப் பிள்ளைகள் மீசை முளைக்கும் முன்பே கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, கப்பலேறிய காலத்தில் அது அபூர்வம். லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். போன இடத்தில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து வக்கீலாக உட்காராமல் தொழிலில் இறங்கினார். திருச்சூர்ப் பக்கம் புதுக்காட்டில் நூற்பாலை. அதன் பிறகு ரப்பர், வெள்ளீயம், காப்பீடு, பங்கு வியாபாரம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டகோட்டா விமானங்களை வைத்து ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமானக் கம்பெனி. ஆங்கில அரசு 'சர்' பட்டம் கொடுத்தது. நாடு விடுதலையானதும் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார். இந்த வேகத்தில் ஓடியவர் 1957 ஏப்ரல் 5இல் காலமானார். நாற்பத்தெட்டு நிறைய ஒரு நாள் பாக்கி.

அவருடைய சமூகம் அவர் கொடுக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் பெரிய பாடம் ஒன்றைப் படித்திருந்தது. 1930இல் உலகம் முழுக்க நெல் விலை விழுந்தபோது பர்மிய உழவர்களால் வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்களிடம் இருந்தது ஏறத்தாழ 6 சதவீதம். 1938க்குள் அது 25 சதவீதமாயிற்று. அவர்கள் விரும்பியது நிலத்தை அல்ல, ரொக்கத்தை. வந்தது நிலம். 1942இல் ஜப்பானியர் வந்தபோது அந்த நிலத்தை மடியில் கட்டிக்கொண்டு யாராலும் ஊர் திரும்ப முடியவில்லை. போட்டுவிட்டு வந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள் அங்கே வட்டியில் சேர்த்த பணத்தில் நின்றவை. அந்தப் பணத்தில் பெரும்பகுதி அத்தோடு சரி.

அடிபட்ட மனிதன் மிச்சத்தை இறுக்கிப் பிடிப்பதுதான் இயல்பு. அழகப்பர் கையைத் திறந்தது அந்தச் சமயத்தில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்ச ரூபாய் கொடுத்து, 1944இல் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க வழி செய்தார். ரசாயனப் பொறியியல், துணி, தோல் என்று அன்றைக்குத் தமிழ்நாட்டு ஆலைகளுக்கு எது தேவையோ அதைக் கற்பிக்கிற இடம். 1947 ஜூலை 3இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. துணைவேந்தர் ஆ.இலட்சுமணசாமி முதலியார், உயர்கல்வியை அரசு மட்டுமே சுமக்க முடியாது, வசதி உள்ளவர்கள் முன்வர வேண்டும் என்று பேசினார். அழகப்பர் எழுந்து, காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குகிறேன், முதல் தவணை ஒரு லட்சம் என்றார். இப்படிச் சொன்னவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர். மேடையில் சொன்னதை இறங்கும்போது மறப்பவர்களும் நிறையப் பேர். ஆகஸ்டில் காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. கட்டடம் இல்லை, நிலம் திருந்தவில்லை, பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள்.

தவணை கடந்தால் வட்டி ஏறும் என்பது வட்டிக்கடை வீட்டில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தர்மம் செய்பவனுக்கு ஆற அமர யோசிக்க நேரம் உண்டு. பாக்கி வைத்திருப்பவனுக்கு இல்லை. அவருடைய அவசரத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைப்பது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். சுதந்திரம் வந்த கையோடு விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகர் நாடெங்கும் தேசிய ஆய்வகங்களைத் திட்டமிட்டார். இயற்பியலுக்கு டெல்லி, வேதியியலுக்குப் புனே, உலோகவியலுக்கு இரும்பாலை இருக்கும் ஜாம்ஷெட்பூர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. மின்வேதியியலுக்குக் காரைக்குடி என்பதில் என்ன நியாயம்? கரைசலில் மின்சாரம் செலுத்தி உலோகத்தையும் காஸ்டிக் சோடாவையும் பிரித்தெடுப்பது, முலாம் பூசுவது, பேட்டரி செய்வது, துருப்பிடிப்பதைத் தடுப்பது: இதுதான் அந்தத் துறை. அந்தச் செம்மண் சீமையில் இதற்குரிய தொழிற்சாலை ஒன்றுகூட இல்லை. ஊருணித் தண்ணீரை எண்ணிச் செலவழிக்கும் ஊர். அழகப்பர் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்ச ரூபாயையும் அரசின் முன் வைத்தார். 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

பணம் வைத்திருப்பவரிடம்தான் பிறர் வந்து கேட்பார்கள். இங்கே பணத்தை நீட்டிக்கொண்டு பணக்காரரே கேட்டு நின்றார். கொடுக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள், பதிலுக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று. வியாபார பாஷையில் இதற்கு அச்சாரம் என்று பெயர். அச்சாரம் கொடுத்தவன் சரக்கைக் கைவிட மாட்டான். ஆனால் இந்தப் பேரத்தில் வந்த சரக்கு அவருக்கு எதற்கும் உதவாதது. அங்கே நடக்கப்போகும் ஆராய்ச்சியை அவரால் படித்துப் புரிந்துகொண்டிருக்க முடியாது. அவருடைய நூற்பாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடலோர ஊரான மண்டபத்தில் கடற்காற்றில் இரும்புத் தகடுகளை வைத்துத் துரு ஏறுவதைப் பின்னாளில் அந்த ஆய்வகத்தார் அளந்தார்கள். காஸ்டிக் சோடா ஆலைகளுக்கு டைட்டேனியம் மின்முனைகள் செய்து கொடுத்தார்கள். இவை எதுவும் அவர் கேட்டு வாங்கியவை அல்ல.

கோயில் திருப்பணிக்குக் கொடுப்பவருக்கு விளைவு முன்பே தெரியும். கோபுரம் எழும், குடமுழுக்கு நடக்கும், கல்வெட்டில் பெயர் வரும். கல்லூரிக்குக் கொடுப்பவர் என்ன விளையும் என்று தெரியாமல் கொடுக்கிறார். அண்ணாமலை செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டபோதே இந்தத் திருப்பம் தொடங்கிவிட்டது. அழகப்பர் அதை வறண்ட சொந்த ஊருக்கே கொண்டுவந்தார். கலைக்கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், பெண்கள் கல்லூரி என்று பத்து வருஷத்துக்குள் வரிசையாக. பெண்கள் கல்லூரிக்கு எங்கே இடம் என்ற பேச்சு வந்தபோது தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தார் என்பதைக் காரைக்குடியில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

என் பார்வையில் அவர் செய்த பெரிய காரியம், பழைய பேரேட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதில் வரவு வைக்கும் பெயரை மாற்றியது. முருகன் பேரில் இருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், இன்னும் பிறக்காத, எந்த ஊரென்று தெரியாத, எந்தச் சாதியென்று விசாரிக்காத ஒரு பிள்ளையின் பேர் ஏறியது. அந்தப் பிள்ளை வந்து பெற்றுக்கொள்ளும்போது கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தன் பேரில் இருக்கும் தொகையை எடுக்க வருபவன் எதற்காகக் குனிய வேண்டும்? சிவகங்கைச் சீமையின் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து, எழுதப்படிக்கத் தெரியாத தாய் தகப்பனின் மகள் முதல் வரிசையில் உட்கார்ந்தாளே, அவளுக்கு அழகப்பர் யாரென்று தெரியாமல் போயிருந்தாலும் அதில் குறை ஒன்றும் இல்லை. 1985இல் அரசு அங்கே அழகப்பா பல்கலைக்கழகத்தை அமைத்தபோது பற்றுவரவு பொதுவில் போய்ச் சேர்ந்தது. விமானக் கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. புதுக்காட்டு ஆலை அரசின் தேசிய ஜவுளிக் கழகத்துக்குப் போனது. எடுத்து வேறு பேரில் எழுதியது மட்டும் தங்கியிருக்கிறது.

இந்த வழியில் யோசித்தால் சங்கடமான இடத்துக்கும் வந்தே ஆக வேண்டும். கொடுத்தது நிலுவை என்றால், யாருக்குப் பட்ட நிலுவை? புதுக்காட்டில் கதிரில் நின்றவர்கள், ரப்பர் பால் வடித்தவர்கள், இன்னும் பின்னால் போனால் அந்த முழுச் சமூகத்துக்கும் வட்டி கட்டிய ஐராவதி ஆற்றுப்படுகையின் உழவர்கள். ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் கூடி நடப்பு வட்டியை நிச்சயித்த கூட்டங்களில் அந்த உழவனுக்கு இடம் இருந்ததில்லை. நிலத்தை இழந்த அவன் பேரனுக்குக் காரைக்குடிக் கல்லூரியால் ஆவது ஒன்றுமில்லை. செட்டியார்கள் போட்டுவிட்டு வந்த நிலம் அவனிடம் திரும்பியிருக்கலாம், திரும்பாமலும் போயிருக்கலாம், நாம் விசாரித்ததில்லை. இவ்வளவு பெரிய பாக்கியை ஒரு தனி மனிதர் தம் பத்து வருஷத்தில் தீர்த்திருக்க முடியாது. அழகப்பர் தம் பங்குக்கு ஒரு பக்கத்தைத் திறந்து எழுதினார். வள்ளல் என்று பட்டம் சூட்டி, கணக்கு நேராகிவிட்டது என்று அடியில் கோடு இழுத்தது நாம்தான்.