முகப்பும் உள்ளறையும்



இந்த மாதம் உங்களோடு சேர்ந்து ஒரு கேள்வியைச் சிந்திக்க விரும்புகிறேன். ஒரு கடையின் முகப்பை மட்டும் காப்பாற்றிவிட்டால், அதன் சரித்திரத்தையே காப்பாற்றியதாகுமா?

லண்டன் பட்டணத்தில் இது வெறும் பேச்சு அல்ல. இருநூறு, இருநூற்றைம்பது வருஷத்துக் கடை முகப்புகள் அங்கே இன்றைக்கும் நிற்கின்றன. சிலவற்றை இடிக்கக்கூடாதென்று சட்டமே காவல் காக்கிறது. "பழைய மரமும் கண்ணாடியும்தானே பாஸ்டர், இதுல நியாயம் அநியாயம் எங்க வருது?" என்று நம் வாலிபர்கள் கேட்கலாம். வருகிறது. மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

1. முகப்பு ஒரு வாக்கு

அந்தக் காலத்து லண்டனில் வாசலுக்கு நம்பர் கிடையாது. எழுத்து தெரியாத ஜனங்களும் ஏராளம். ஆகவே ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு அடையாளப் பலகையைத் தெருவுக்கு மேலே நீட்டித் தொங்கவிட்டார். சிங்கப் பலகைக் கடை, சர்க்கரைக் கூம்புக் கடை என்று சொன்னால் யாரும் போய்ச் சேரலாம். அப்புறம் போட்டி வந்தது. உன் பலகை பெரிசா, என் பலகை பெரிசா? 1718ஆம் வருஷம் பிரைடு லேன் என்ற சந்தில் ஒரு பலகை, தன்னைத் தாங்கிய சுவரையே இழுத்துக்கொண்டு விழுந்து நான்கு பேரைக் கொன்றது. 1762இல், பலகைகளைச் சுவரோடு ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. வாசல் நம்பர்களும் அந்த வருஷங்களில்தான் பரவின.

அதற்குப் பிறகு கடையின் முகம் அதன் ஜன்னல்தான். 1774ஆம் வருஷச் சட்டம், வில்போல் வளைந்த ஜன்னல் அகலமான தெருவிலும் 10 அங்குலத்துக்கு மேல் நீட்டக்கூடாது என்றது. கண்ணாடிமேல் 1745 முதல் 1845 வரை வரி இருந்தது. அதனால் சின்னச் சின்னக் கண்ணாடிகளைச் சட்டத்தில் கோர்த்து ஜன்னல் செய்தார்கள். வரி போனபின் பெரிய கண்ணாடி மலிவாகி, முழு முகப்பும் கண்ணாடியாயிற்று. பாருங்கள், அழகுக்காக என்று நாம் நினைப்பதற்குப் பின்னால் சட்டமும் வரியும் தச்சன் கைவேலையும் இருக்கின்றன. ஆனால் பலகையானாலும் ஜன்னலானாலும் வழிப்போக்கனிடம் சொன்னது ஒன்றுதான்: உள்ளே நல்ல சரக்கு இருக்கிறது, நம்பி வா. அது ஒரு வாக்கு. வாக்கு என்றால் அதற்குக் கணக்கும் உண்டு.

2. முகப்பு எல்லாவற்றையும் சொல்லாது

லண்டனின் கிழக்கே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பேட்டையில், ஆர்ட்டிலரி லேனில் 56ஆம் எண் கடை இருக்கிறது. 1750களில் எழுந்த முகப்பு. தூண்களும் வளைந்த ஜன்னல்களுமாக, அந்தக் காலத்துக் கடைமுகப்புகளில் மிகச் சிறந்ததென்று அறிந்தவர்கள் சொல்லுகிறார்கள். ஹியூகனாட்டுப் பட்டு வியாபாரிகளின் கடை அது. ஹியூகனாட்டுகளைப் பற்றி பைபிள் காலேஜில் சபைச் சரித்திரப் பாடத்தில் படித்தேன். 1685இல் பிரான்சின் ராஜா பதினான்காம் லூயி, அவர்களுடைய வழிபாட்டுச் சுதந்தரத்தை ரத்து செய்தபோது, விசுவாசத்துக்காகச் சொந்த தேசத்தை விட்டு ஓடிவந்தவர்கள். பல்லாயிரம் பேர் இங்கிலாந்துக்கு வந்தார்கள். பட்டு நெசவு அவர்களோடு வந்தது. அகதிகளின் பிள்ளைகள் இப்படியொரு கடை கட்டினார்கள் என்றால் அது சந்தோஷமான சாட்சிதான்.

ஆனால் அதே பேட்டையில், வீடுகளின் மேல்மாடத்து அறைகளில், வெளிச்சம் விழும்படி வைத்த நீளமான ஜன்னல்களுக்குப் பக்கத்தில் தறிகள் ஓடின. நெய்தவர்களில் ஹியூகனாட்டு வம்சத்தாரும் உண்டு, அயர்லாந்திலிருந்து வந்தவர்களும் உண்டு. 1760களில் கூலி குறைந்தது. பசி வந்தது. குறைந்த கூலிக்கு ஓடிய தறிகளின் பட்டை இரவில் கூட்டமாய்ப் போய் அறுத்தெறிந்தார்கள். 1769 டிசம்பரில் இரண்டு நெசவாளிகளை, அவர்களுடைய ஜனங்கள் பார்க்கும்படி பெத்னல் கிரீனிலேயே தூக்கிலிட்டார்கள். 1773இல்தான் நியாயாதிபதிகள் கூலியை நிர்ணயிக்கும் சட்டம் வந்தது. அதுவும் 1824இல் நீக்கப்பட்டது. ஆர்ட்டிலரி லேன் கடைக்காரர்மேல் நான் குற்றம் சுமத்தவில்லை. அந்த அழகான ஜன்னலில் பட்டு தெரியும், நெசவாளியின் வயிறு தெரியாது என்றுதான் சொல்லுகிறேன்.

இன்னொன்று. ஸ்ட்ராண்ட் வீதியில் டுவைனிங்ஸ் தேயிலைக்கடை, 1706இல் தாமஸ் டுவைனிங் தொடங்கியது. 1787இல் வைத்த அதன் வாசலுக்கு மேலே ஒரு பொன் சிங்கமும் இரண்டு சீனர்களின் உருவங்களும் இருக்கின்றன. அப்போது தேயிலை வந்தது சீனாவிலிருந்து. நூறு வருஷத்துக்குள் இலங்கைத் தேயிலையும் லண்டன் ஏலத்துக்கு வந்துவிட்டது. மலையில் கொழுந்து பறித்தவர்கள் நம் ஜனங்கள், தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன ஏழைகள். லண்டன் ஏலம் 1998 வரைக்கும் நடந்தது. அந்த வீதிகளில் எந்தக் கடை வாசலில் அவர்களுக்கு ஒரு உருவம் வைத்தார்கள்?

3. முகம் மட்டும் மிஞ்சினால்?

ஹேமார்க்கெட்டில் 34ஆம் எண்ணில் ஃபிரைபர்க் அண்ட் டிரேயர் என்று ஒரு மூக்குப்பொடிக் கடை. சிரிக்காதீர்கள், 1720இல் தொடங்கி 1981 வரைக்கும் நடந்த வியாபாரம். கடை போய்விட்டது, வளைந்த ஜன்னல் முகப்பு அப்படியே நிற்கிறது. வேறு வியாபாரம் உள்ளே வந்து பழைய முகத்தைப் பராமரிக்கிறது. இதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பழம், கம்பளி வியாபாரத்துக்காக 1929இல் கட்டிய மாளிகையைப் பாருங்கள். 1940இல் விமானங்கள் குண்டு போட்டபோது, ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்கள் அதன் நிலவறைக்குள் ஓடி ஒளிந்தார்கள். படுக்க இடமில்லை, துர்நாற்றம், வியாதி. மூக்குக்கண்ணாடி செய்யும் தொழிலாளி மிக்கி டேவிஸ், உருவத்தில் மிகவும் குள்ளமான மனிதர், அங்கே ஒழுங்கையும் மருத்துவ உதவியையும் ஏற்படுத்தினார். ஜனங்கள் அந்த இடத்துக்கு அவர் பேரையே வைத்தார்கள். 2010களில் அந்த மாளிகையின் தெருப்பக்க முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு, பின்னால் இருந்ததை இடித்து ஆபீஸ் கட்டினார்கள். முகம் தப்பியது. ஜனங்கள் தப்பிப் பிழைத்த இடம் போய்விட்டது.

அப்படியானால் முகப்புகளையும் இடித்துவிடலாமா? கூடாது. முகப்பு இருப்பதால்தானே நாம் இன்றைக்கு நெசவாளியைப் பற்றியும் கொழுந்து பறித்தவளைப் பற்றியும் கேட்க முடிகிறது! சாட்சி பாதிதான் சொல்லுகிறான் என்று சாட்சியைக் கொல்லுகிறதில்லை. மீதியைக் கேட்டு வாங்க வேண்டும். மரத்தையும் கண்ணாடியையும் காப்பாற்றப் பணம் போதும். உள்ளே உழைத்தவர்களை நினைவில் வைக்க மனசு வேண்டும். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

சபையாரே, உங்களில் கடை வைத்திருப்பவர்கள் உண்டு, கடையில் கூலிக்கு நிற்பவர்களும் உண்டு. பெயர்ப்பலகைக்குப் புதுசாய் வர்ணம் அடிக்கிற வாரத்திலே, உள்ளே மூட்டை தூக்குகிறவனுக்குக் கூலி பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வர்ணத்துக்கு முன்னே அதைக் கொடுத்துவிடுங்கள்.