நான்கு வண்ணமும் கடைமடையும்

எல்லை என்ற சொல் மனிதனுக்குப் பிடிப்பதில்லை. 'இவ்வளவுதான்' என்று யாரேனும் சொல்லிவிட்டால் உடனே உள்ளத்தில் ஒரு முணுமுணுப்பு எழுகிறது. கலைஞனுக்கோ அது இன்னும் அதிகம். தன் கற்பனைக்கு வேலி போட்டவன் யாராயினும் பகைவன் என்றே அவன் எண்ணுகிறான். ஆனால் எல்லா வேலியும் ஒரே காரணத்துக்காகப் போடப்படுவதில்லை. தேனியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு சிறிய ஸ்டூடியோவில் நான் கண்ட வேலைதான் இதை எனக்கு விளக்கியது.

டி.வி.டி. செழிப்பாக இருந்த ஆண்டுகள் அவை. வட்டைக் கருவியில் போட்டதும் முதலில் ஒரு முகப்புப் பக்கம் தோன்றும். நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்த அழுத்த, ஓர் ஒளி பெயர் பெயராக நகரும். 'இப்போது நீ இங்கே நிற்கிறாய்' என்று சொல்வது மட்டுமே அந்த ஒளியின் தொழில்.

பின்னணிப் படத்தில் லட்சக்கணக்கான வண்ணங்கள் வரலாம். மேலே நகரும் அந்த ஒளிக்கோ நான்கே நான்கு. அவற்றிலும் ஒன்றைப் பின்னணி தெரிவதற்காகக் கண்ணாடிபோல் விட்டுவிட வேண்டும். 16 வண்ணங்கள் கொண்ட ஒரு பெட்டியிலிருந்துதான் அந்த நான்கையும் பொறுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் 36 பொத்தான்களுக்கு மேல் கூடாது. நம் எழுத்துக்களோ வளைவும் சுழியுமானவை. வண்ணம் சிறிது சிறிதாக மங்கி ஓரத்தில் கரைய வழியில்லாததால், 'மு'வின் வால் ரம்பப் பல்லாகத் தெரிந்தது.

"நாலு கலரை வச்சுக்கிட்டு நான் என்னங்கய்யா செய்யறது?" என்று அலுத்துக்கொண்டார் அங்கிருந்த இளைஞர்.

ஆனால் அவர் செய்து முடித்தது அழகான வேலை. பெயர்களைப் பின்னணிப் படத்திலேயே எழுதிவிட்டார். ஒளியாக, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு அகல்விளக்கை மட்டும் வைத்தார். பெயரின் நிறத்தை மாற்றிக் காட்டலாமே என்று கேட்டேன். "ரெண்டே பேர் இருக்கிற பக்கத்தில ஒண்ணு மஞ்சள், ஒண்ணு வெள்ளைன்னா, எதில நிக்கிறோம்னு பாட்டிக்கு எப்படிங்கய்யா தெரியும்?" என்றார். விளக்கு எரியும் இடம் எவருக்கும் தெரியும். பொத்தானை அழுத்தும்போது சுடர் ஒரு கணம் சிவக்கும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் மெல்லிய கோடு நடுங்கும் என்பதால் விளக்கின் கோடுகளையும் சற்றுத் தடிப்பாகவே வரைந்திருந்தார்.

ஏன் இந்த நான்கு? 1995-இல் பெரிய மின்னணு நிறுவனங்கள் பல கூடி ஒரே விதிக்கு உடன்பட்டன. 1996-இல் ஜப்பானில் முதல் கருவிகள் விற்பனைக்கு வந்தன. எந்தக் கருவியும் அந்த விதியில் உள்ளதைக் காட்டியே தீர வேண்டும். எந்த வட்டும் அதற்கு மேல் கேட்கக் கூடாது. அதனால்தான் சிங்கப்பூர்த் தாய்மாமன் வீட்டு விலையுயர்ந்த கருவியில் எரிந்த விளக்கு, கம்பத்தில் தவணை முறையில் வாங்கிய கருவியிலும் எரிந்தது. பெரிய படக் கம்பெனிகள் வெளியிட்ட வட்டுகளிலும் அந்த ஒளிக்கு நான்கு வண்ணங்கள்தாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இது புதிய செய்தியாகாது. 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்து இறங்கி வருகிறது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்த நீரை நம்பியிருக்கிறது. மேல்மடைக்காரர் தம் மடையை இஷ்டம்போல் அகலப்படுத்திக்கொண்டால் கடைமடைக்காரரின் நாற்று கருகும். மேலே மடைக்கு அளவு வைத்திருப்பது கீழே இருப்பவருக்குக் கொடுத்த வாக்கு.

அப்படியானால் எல்லாக் கட்டுப்பாட்டுக்கும் தலைவணங்க வேண்டுமா? கூடாது. நம் தென் மாவட்டங்களின் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை நாம் அறிவோம். அதையும் 'ஊர்க் கட்டுப்பாடு' என்றுதான் சொன்னார்கள். அந்தக் கட்டுப்பாட்டை விதித்தவர் எவரும் தனிக் குவளையில் குடிக்கவில்லை. வேற்றுமை அங்கேதான் இருக்கிறது. விதித்தவனையும் சேர்த்துக் கட்டுகிறதா, கடைசியில் நிற்பவனுக்கு அதனால் ஏதேனும் கிடைக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். எது அணை, எது விலங்கு என்று தெரிந்துவிடும்.

நான்கு வண்ண விதி இந்தச் சோதனையில் தேறுகிறது. முழு மதிப்பெண் பெறுகிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன். அதை வகுத்தவர்கள் 'மு'வின் வாலை நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லோரையும் சமமாகக் கட்டும் விதியும், தான் கலந்துகொள்ளாத ஒருவர்மீது சற்று அதிகமாகவே அழுந்துகிறது. அந்தப் பாரத்தைத் தேனியில் ஓர் இளைஞர் தம் உழைப்பால் ஈடுசெய்தார். பாட்டிக்கு அது தெரிய வேண்டியதில்லை. விதி வகுப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.