அக்காவின் கேசட்

1994-ல் எனக்குப் பதினேழு வயது. ஊருக்குப் பக்கத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். கடைசி நாள் இரவு, உலகப் பாட்டுக் கேசட்டுகளை வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து நெருப்பில் போடுங்கள் என்றார் பிரசங்கியார். மைதானத்து ஓரத்தில் ஏற்கெனவே தீ மூட்டியிருந்தார்கள். வீட்டுக்கு ஓடி, மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு வந்தேன். மொத்தம் பதினொன்று. பிளாஸ்டிக் உருகி வழிய, நாடா சுருண்டு சுருண்டு கருகியது. அதில் ஒன்று அக்காவுடையது. பீடி சுற்றிச் சேர்த்த காசில், பாட்டுகளைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து, டவுன் ரெக்கார்டிங் சென்டரில் அவள் பதிந்து வாங்கிய கேசட். உறையில் அவள் கையெழுத்து இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் போட்டேன்.

கிறிஸ்தவர்கள் சினிமாப் பாட்டு கேட்கலாமா என்று வாலிபர் கூட்டங்களில் இன்றைக்கும் கேட்கிறார்கள். கூடவே கூடாது என்று சொல்பவர்களின் பக்தியை நான் குறைத்துப் பேசமாட்டேன். அன்றிரவு எனக்கு இருந்ததும் அதே பக்திதான். ஆனால் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால், அவர்கள் கோடு கிழிக்கும் இடத்தில் வேதம் கிழிக்கவில்லை.

இசைக் கருவிகளை மீட்டுகிறவர்களுக்கெல்லாம் தகப்பன் என்று ஆதியாகமம் சொல்லும் யூபால், காயீனின் வம்சத்தான். கொலை செய்தவன் வழியில் வந்தவன். அவன் பெயரோடு வரும் நரம்புக் கருவிக்கும், தாவீது சவுலின் கலக்கம் தணிய வாசித்த கருவிக்கும் எபிரெயத்தில் ஒரே பெயர்: கின்னோர். யாரிடமிருந்து வந்தது என்று பார்த்துத் தாவீது அதைக் கீழே வைத்துவிடவில்லை.

பெரிய வெள்ளியன்று நம் சபைகளில் கண்ணீரோடு பாடும் இயேசுவின் காயங்களைப் பற்றிய பாட்டின் மெட்டு, 1601-ல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட காதல் பாட்டினுடையது. பிறகுதான் அது சிலுவைக்கு வந்தது. இசையமைப்பாளர் பாக் அதைத் தம் 'மத்தேயு பாடுகள்' இசைப்படைப்பில் திரும்பத் திரும்பக் கையாண்டார். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார், தலைவனிடம் காதல் கொண்ட பெண்ணுக்குக் குறத்தி குறி சொல்லும் குறவஞ்சியை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி செய்தார். அதை இன்று நம் சொத்து என்கிறோம்.

அப்படியானால் எதையும் கேட்கலாமா? இல்லை. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. வேண்டாம் என்று விலகிப்போகும் பெண்ணைப் பின்தொடர்வதை வீரமாக்கும் பாட்டும், குடியைக் கொண்டாட்டமாக்கும் பாட்டும் என் வீட்டில் ஒலிப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் என் மகன் அப்படி ஒன்றை முணுமுணுத்தபோது அவனை அதட்டவில்லை. அந்த வரிகளைப் பாட்டாக அல்லாமல், பேச்சாக ஒருமுறை சொல்லச் சொன்னேன். பாதியிலேயே நிறுத்திவிட்டான். மெட்டு இல்லாமல் நாக்கு கூசும் சொல்லை, மெட்டோடு நாள் முழுக்க மனதில் ஓடவிடுகிறோம். பாட்டுக்கு இருக்கும் பலமும் ஆபத்தும் அதுவே. சபைப் பிதா அகுஸ்தீன் இதை அறிந்தவர். பாட்டின் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகம் அசைத்தால் அதைப் பாவமாகவே எண்ணி வருந்தினார். அவர் பயந்தது சபையில் கேட்ட சங்கீதங்களைப் பற்றி!

அந்தப் பயம் நமக்கு இல்லை. ஆராதனையில் பாடப்பட்டது என்பதற்காகவே ஒரு பாட்டைப் பரிசுத்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆமோஸ் தீர்க்கதரிசி மூலம் கர்த்தர் வெறுத்துத் தள்ளியது வீதிப் பாட்டை அல்ல, தம் சந்நிதியில் பாடிய பாட்டின் இரைச்சலை. ஊர் வாசலில் ஏழைக்கு நியாயம் கிடைக்காதபோது அந்தப் பாட்டு தமக்கு வேண்டாம் என்றார். செழிப்பையும் வெற்றியையும் மட்டுமே கேட்டு வாங்கும் சில புதிய பாட்டுகளைக் கேட்கும்போது ஆமோஸின் அந்த அதிகாரம் நினைவுக்கு வருகிறது.

குடியை விட்ட ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். பழைய பாட்டு எது கேட்டாலும் அந்த மேசையும் கூட்டாளிகளும் கண்முன் வருகிறார்கள் என்று ஒதுக்கிவிட்டார். அவர் செய்தது சரி. அவர் வரும்போது நானும் ரேடியோவை அணைத்துவிடுவேன். பவுல் ரோமருக்கு எழுதியது இதைத்தான். ஆனால் குடியை விட்ட அவருக்கான மருந்தை எல்லார் வாயிலும் ஊற்றக் கூடாது.

கெட்ட குமாரன் திரும்பி வந்த அன்று தகப்பன் வீட்டில் பாட்டும் ஆட்டமும் நடந்தன. வயலிலிருந்து வந்த மூத்தவன் சத்தம் கேட்டு வெளியிலேயே நின்றான். எத்தனையோ கல்யாண வீடுகளில் மைக் செட் பாடுகிறது என்று நானும் அப்படி வெளியே நின்றிருக்கிறேன், என்னைப் பரிசுத்தவானாக நினைத்துக்கொண்டு.

போன கிறிஸ்துமஸுக்கு அக்கா வந்திருந்தாள். முறுக்கு பிழிந்துகொண்டே அந்தக் கேசட்டில் இருந்த பாட்டொன்றைப் பாடினாள். முப்பது வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டேன். "அத அன்னைக்கே விட்டுட்டேன்ல" என்றாள். ஏ பக்கத்தில் என்னென்ன பாட்டு என்று கேட்டேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் வரிசையாகச் சொன்னாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். ஐந்தாவது பாட்டு மட்டும் அவளுக்கும் வரவில்லை. எண் போட்டு இடம் விட்டிருக்கிறேன்.