கேள்வி கேள், தங்கையே!

1981-ஆம் ஆண்டு. செங்கல்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில் ஒரு டஜன் பெண்கள். நாற்று நட்டும் களை பறித்தும் கூலி வாங்குகிற குடும்பங்களிலிருந்து வந்த தலித் பெண்கள். முதியோர் கல்வித் திட்டத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள். திட்டம் நின்றது; அதோடு சம்பளமும் நின்றது. ‘வந்தவரைக்கும் லாபம்’ என்று அவர்கள் வீடு திரும்பியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் திரும்பவில்லை. டி.கே. சுந்தரி ரவீந்திரன் என்ற ஆய்வாளரோடு கைகோத்துத் தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கிராமப்புறப் பெண்களுக்கான சமூகக் கல்வி மையம், சுருக்கமாக ‘ருவ்செக்’. ஊர் ஊராக மகளிர் சங்கம் கூட்டினார்கள். கூலிப் பிரச்சினை பேசப்பட்டது, தண்ணீர்ப் பிரச்சினை பேசப்பட்டது. இரவில் வேலை முடித்து வந்து உட்கார்ந்த பெண்களின் வாயிலிருந்து இன்னொன்றும் வந்தது: அவர்களுடைய உடம்பு. கலைந்துபோன கரு, பிறந்து பத்து நாளில் போன பிள்ளை, வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி. தாயிடம்கூடச் சொல்லாத செய்திகள்.

அந்தப் பேச்சிலிருந்துதான் வேலை பிறந்தது. தங்கள் ஊரிலிருந்தே சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கினார்கள். கருப்பை எங்கே இருக்கிறது, மாதவிலக்கு ஏன் வருகிறது என்று படம் போட்டுப் படித்தார்கள், படித்ததை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு சொந்தமாக ஒரு மருத்துவமனையும் நடத்தினார்கள். வரப்பில் நடந்த கால்கள் மருத்துவமனை கட்டின, தங்கையே! உனக்கு என்ன குறைச்சல்?

‘எனக்கு என்ன தெரியும், நான் எட்டாவதோட நின்னவ’ என்கிறாயா? அந்தப் பேச்சு இனி வேண்டாம். உன் உடம்பைப் பற்றி உனக்குத் தெரியாதென்றால் வேறு யாருக்குத் தெரியும்?

செவ்வாய்க்கிழமை காலை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பார். கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். பெஞ்சு நிறைய வயிறும் பிள்ளையுமாகப் பெண்கள். எடை பார்க்கிறார்கள், கையில் பட்டையைச் சுற்றிப் பி.பி. பார்க்கிறார்கள், விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். எல்லாவற்றையும் அட்டையில் எழுதித் திருப்பித் தருகிறார்கள். ஒவ்வொருத்தியும் அதை வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். தன்னைப் பற்றி எழுதிய தாளை ஒருமுறைகூடத் திறந்து பார்ப்பதில்லை!

திற அந்த அட்டையை. ஹீமோகுளோபின் என்று ஓர் எண் இருக்கும். 11-க்குக் கீழே என்றால் உனக்கு ரத்த சோகை. 7-க்குக் கீழே என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது. பி.பி. 140-க்கு 90-ஐத் தொட்டால், முகமும் கையும் வீங்கினால், கண் மங்கினால், தலை பிளக்கிறாற்போல வலித்தால் உடனே ஓடு. ஊரில் ‘ஜன்னி கண்டு போயிட்டா’ என்று சொல்லிப் புதைத்தார்களே, அந்தப் பெண்களில் பலருக்கு வந்தது இந்த ரத்தக்கொதிப்பின் வலிப்புதான். காற்றும் இல்லை, கருப்பும் இல்லை.

இரும்புச்சத்து மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாய். மலம் கறுத்துப் போகிறது, குமட்டுகிறது, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று பக்கத்து வீட்டுக் கிழவி சொன்னாள். மலம் கறுப்பது மாத்திரையின் நிறம். பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாப்பிட்ட பிறகு போடு, டீயோடு மட்டும் போடாதே. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்த சோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஆயிரம் ஆஸ்பத்திரி கட்டிய மாநிலத்தில் இந்த எண் எனக்கு வெட்கமாக இருக்கிறது. குழந்தை பிறந்ததும் உதிரப்போக்கு நிற்காவிட்டால் இரண்டே மணி நேரத்தில் ஓர் உயிர் போய்விடலாம். ரத்தமே இல்லாத உடம்பு அந்த இரண்டு மணி நேரத்தைக்கூடத் தாங்காது.

இங்கே உலகத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் இறந்தார்கள். 2001-03-இல் அது 134. அதே 2018-20-இல் இந்தியாவுக்கு 97. சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் ஆப்பிரிக்காவில் 2020-இல் 545! ஏன் இந்த வித்தியாசம்? அந்தப் பெண்கள் நம்மைவிடத் துணிச்சல் குறைந்தவர்களா? 1992-இல், ருவ்செக்கைத் தொடங்கிய அதே சுந்தரி ‘சொல்லப்படாத கதை’ என்று ஒரு கட்டுரை எழுதினார். வளரும் நாடுகளில் தாய்மார் இறப்பதற்கு வண்டி இல்லாததும், ரத்தம் இல்லாததும், ஆள் இல்லாததும், வந்த பெண்ணைக் காக்க வைப்பதும் காரணம் என்று சான்றுகளோடு அடுக்கினார். தலையெழுத்து என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததை மருத்துவ அமைப்பின் குற்றப் பத்திரிகையாக அவர் மாற்றிக் காட்டினார்.

அதே ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் கிராமத்துப் பெண்கள் மரத்தடியில் குழுவாக உட்கார்ந்து பேசிய கதையும் உண்டு. நேபாளம், வங்கதேசம், நம் ஜார்க்கண்ட், ஒடிசாவிலும் அப்படியே. குழு நடத்தியவளிடம் மருந்துப் பெட்டி கிடையாது. ‘நம்ம ஊர்ல போன வருஷம் யார் செத்தா? ஏன் செத்தா? இனி என்ன செய்யலாம்?’ இவ்வளவுதான் பேச்சு. ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை 2013-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பத்துக் கர்ப்பிணிகளில் மூன்று பேராவது வந்து உட்கார்ந்த இடங்களில் தாய்மார் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பத்துக்கு மூன்று! உன் தெருவில் அதைக்கூடவா கூட்ட முடியாது? வாராவாரம் சுயஉதவிக் குழுவுக்குத் தவறாமல் தவணை கட்டுகிறாயே, அந்தப் பாயிலேயே கூடுதலாகக் கால் மணி நேரம் உட்கார்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நைரோபியில் பாதுகாப்பான தாய்மைக்கான உலக மாநாடு கூடிய அதே 1987-இல் இங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 300 ரூபாயில் தொடங்கியது. அது இன்று 18,000 ரூபாய். 2008 முதல் 108 வண்டி. வீட்டு வாசலுக்கு வரும் கிராம சுகாதார செவிலியர். அங்கன்வாடியில் சத்துமாவு, சமுதாய வளைகாப்பு. செங்கல்பட்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி. இவை எல்லாம் உனக்காக வைத்த பந்தி. பந்தியில் உட்கார வேண்டியது நீ. இலையில் விழாததைக் கேட்டு வாங்க வேண்டியதும் நீ.

ஆனால் எல்லாருக்கும் இலை விழுகிறதா? செங்கல் சூளைக்குப் பிழைக்கப் போன இருளர் பெண்ணின் அட்டை ஓர் ஊரில் இருக்கிறது, நிறைமாத வயிறு இன்னொரு ஊரில் இருக்கிறது. கடலோரத்தில், கொக்கிலமேட்டிலும் தேவனேரியிலும் சதுரங்கப்பட்டினத்திலும் விடியுமுன்னே மீன் கூடையோடு கிளம்புகிற பெண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை என்பது ஒரு நாள் வியாபாரம். அவளைத் தேடிப் போக வேண்டியது யார்? சுகாதார செவிலியர் ஒருத்தி எத்தனை ஊருக்கு ஓடுவாள்? உன் தெருவில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்று அவளுக்கு முன்னால் உனக்குத் தெரியுமே!

ஆகவே கேள். ‘என் பி.பி. எவ்வளவு?’ என்று கேள். ‘எதுக்கு சிசேரியன்?’ என்று கேள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் சிசேரியன். காரணம் கேட்பது குற்றமில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருத்தி துணைக்கு இருக்கலாம் என்ற ஏற்பாடு 2004 முதல் இருக்கிறது. ‘என் அம்மா உள்ளே வரட்டும்’ என்று கேள். எரிந்து விழுந்தால் கலங்காதே, இன்னொரு முறை கேள். தனியாகக் கேட்டால் அதட்டுகிற வாய், ஐந்து பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லும்.

மாமியார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ‘ரொம்பத் தின்னா பிள்ளை பெரிசாயிடும்’ என்று மருமகளின் சோற்றில் கை வைக்காதீர்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். பிறந்த பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து அதுதான். சர்க்கரைத் தண்ணீரும் சேனையும் வேண்டாம், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். அண்ணன் தம்பிகளே, மனைவியின் பிரசவத் தேதியையும் அவளுடைய ரத்த வகையையும் கைப்பேசியில் எழுதி வைத்திருக்கிறீர்களா? எந்தக் கிரிக்கெட் அணியில் யார் ஆடுகிறார் என்பது தெரிகிறதே!

லட்சத்துக்கு 54 என்பது வெறும் எண்ணில்லை. அந்த ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு இருந்தது, பெயர் வைக்கக் காத்திருந்த ஒரு பிள்ளை இருந்தது. அதில் ஒருத்தியைக் குறைக்க டாக்டர் பட்டம் வேண்டாம், பதவி வேண்டாம். திருக்கழுக்குன்றத்துப் பெண்களிடம் 1981-இல் அந்த இரண்டும் இல்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை உன் தெருவில் வயிறும் பிள்ளையுமாக இருக்கிற ஒருத்தியைக் கூப்பிடு. அவளோடு பஸ் ஏறு. அட்டை கைக்கு வந்ததும் அங்கேயே, அந்தப் பெஞ்சிலேயே, இரண்டு பேரும் சேர்ந்து அதை வாசியுங்கள். புரியாத எண்ணுக்கு எழுந்து நின்று விளக்கம் கேளுங்கள்.