விளையாட்டு வீண்தானா?

சென்ற சித்திரை விடுமுறையில் எங்கள் மக்தபில் ஓதும் பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து, விளையாட்டு என்றால் என்ன என்னும் வினாவுக்கு வாயால் அன்றிக் கையால் விடை தேடுமாறு பணித்தேன். ஒவ்வொரு குழுவும் ஒரு விளையாட்டுப் பொருளைத் தானே செய்ய வேண்டும், கடையில் வாங்கலாகாது. பதினைந்து நாள் தவணை. இளைய ஆசிரியர் ஒருவர், "ஹஜ்ரத், ஓதுகிற இடத்தில் இது எதற்கு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அன்று அவருக்கு நான் விடை சொல்லவில்லை.

அறபு மொழியில் விளையாட்டுக்கு 'லஇப்' என்று பெயர். இமாம் ராகிப் அல் இஸ்பஹானி தம் 'முஃப்ரதாத்' நூலில், வழியும் உமிழ்நீரைக் குறிக்கும் 'லுஆப்' என்னும் சொல்லோடு இதனை இணைக்கிறார். உரிய நோக்கம் ஏதும் கருதாது செய்யப்படும் செயலே லஇப் என்பது அவர் விளக்கம். திருமறையும் உலக வாழ்வை விளையாட்டென்றும் வேடிக்கையென்றும் பல இடங்களில் எச்சரிக்கிறது. இவற்றை மட்டும் ஓதி நிறுத்திக்கொண்டவன் விளையாட்டை வெறுத்துவிடுவான். நான் வெறுத்தவன்தான்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சிறுவன் பாடத்துக்குத் தாமதமாக வந்தான். கையில் நுங்கு வண்டி. நுங்கு எடுத்த இரு பனங்காய்க் கூடுகளை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் வண்டி அது. அதைப் பிடுங்கி, எல்லார் முன்னிலையிலும் காலால் மிதித்து முறித்தேன். அவன் அழவில்லை. மறுநாள் முதல் நேரத்துக்கு வந்தான், ஓதினான். கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் என்னிடம் பேசியதில்லை. அதனை ஒழுக்கம் என்று எண்ணி மகிழ்ந்தேன். பிள்ளையை விளையாட விடாது இடையறாமல் படிப்பிலேயே வருத்தினால் அவன் உள்ளம் செத்து, அறிவு மழுங்கும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் எழுதியிருப்பதை நான் அறியாதவன் அல்லன். ஓதியது கிதாபில் இருந்தது. கால் தன் போக்கில் மிதித்தது.

நபி யூசுஃப் (அலை) வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். தம்பியை எங்களோடு அனுப்புங்கள், அவன் உண்டு களித்து விளையாடட்டும் என்றுதான் அண்ணன்மார் தந்தையிடம் கேட்டனர். கேட்டவர்கள் வஞ்சகர்கள். ஆயினும் நபி யஃகூப் (அலை), விளையாட்டு தகாது என்று மறுக்கவில்லை. பிரிவு தம்மை வருத்தும் என்றும், ஓநாய் தின்றுவிடுமோ என அஞ்சுவதாகவுமே கூறினார்கள். பிள்ளைக்கு விளையாட்டு வேண்டும் என்பது அங்கே இரு தரப்பாருக்கும் உடன்பாடு. நம் தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டை ஒன்றாக வைத்தார்.

தவணை முடிந்தது. ஒரு குழு பட்டம் கொண்டுவந்தது. வால் கனத்து மூன்று முறை விழுந்து, நான்காம் முறை ஏறிற்று. இன்னொரு குழு நுங்கு வண்டி. (நான் யாரிடமும் பழைய கதையைச் சொல்லியிருக்கவில்லை.) பெண்பிள்ளைகள் துணிப் பொம்மைகள் தைத்திருந்தனர். ஆறு வயதுச் சிறார் அடங்கிய கடைசிக் குழு வெறுங்கையோடு நின்றது. மாலைதோறும் முற்றத்து மணலில் வீடு கட்டி, மாலைதோறும் தாங்களே மிதித்து அழித்திருக்கிறார்கள். "எங்கே உங்கள் பொருள்?" என்றேன். "நேத்து இருந்துச்சு ஹஜ்ரத்" என்றான் ஒருவன்.

எனக்குச் சுருக்கென்றது. மற்ற மூன்று குழுவினரும், "எங்களுக்கு எத்தனை மார்க்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நோக்கத்தை நான் வகுத்துக் கொடுத்த அன்றே அவர்கள் விளையாட்டு வேலையாகிவிட்டது. இமாம் ராகிபின் இலக்கணத்துக்குப் பொருந்தியவர்கள் இந்தச் சிறார் மட்டுமே. பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் சிற்றில் கட்டுவதையும் சிதைப்பதையும் ஏன் ஒரு பருவமாக வைத்துப் பாடினார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அப்படியானால் நோக்கமற்றது அனைத்தும் வீணா? வீண் என்று சொல்ல என் நா எழவில்லை. உண்ட சோறு உடம்பாவதை உண்பவன் நோக்குவதில்லை அல்லவா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே கந்தல் துணியாலான இரு சிறகுகளோடு ஒரு குதிரை இருந்தது. காற்றில் திரை விலகவே, பெருமானார் (ஸல்) அதைக் கண்டு, குதிரைக்குச் சிறகா என வினவினார்கள். நபி சுலைமான் (அலை) அவர்களுக்குச் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று அன்னை திருப்பிக் கேட்க, கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அங்கே வினா இருந்தது, சோதனை இல்லை. பயன் என்ன என்று கேட்கவுமில்லை.

துணிப் பொம்மை ஒன்றை எடுத்து, "இதன் பெயர் என்னம்மா?" என்று மட்டும் கேட்டேன். பெயர், ஊர், அதன் உம்மா கோபக்காரி என்பது வரை அரை மணி நேரம் கேட்க நேர்ந்தது. மார்க்கு குறிக்கத் திறந்த ஏட்டை மூடிவிட்டேன். முதற்பரிசு தமக்கே என்று காத்திருந்த வண்டிக் குழுவினருக்கு என்மேல் இன்னும் வருத்தம்தான்.