தூணும் ரொட்டியும்

கல்விக்குக் கட்டடம் வேண்டுமா என்னும் வினாவிற்கு விடை கூறுவோர் இரு சாரார். ஆசிரியர் அமர ஒரு நிழல் போதும், மற்றவையெல்லாம் ஆடம்பரமே என்பர் ஒரு சாரார். மண்டபம் உயர்ந்தால் கல்வியும் உயரும் என்பர் மறு சாரார். இவ்விரு கூற்றையும் உரைத்துப் பார்க்க, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் ஒரு கல்விக்கூடம் உண்டு. அதுவே கெய்ரோ மாநகரின் அல்-அஸ்ஹர்.

ஃபாத்திமிய கலீஃபா முஇஸ்ஸின் தளபதி ஜவ்ஹர் 970-இல் கட்டத் தொடங்கி, 972-இல் தொழுகைக்குத் திறந்துவிட்ட பள்ளிவாசல் அது. 975-இல் அங்கே பாடம் தொடங்கிற்று. தனி வகுப்பறை ஏதுமில்லை. உஸ்தாது ஒரு தூணருகே அமர்வார். மாணவர் அவரைச் சுற்றி வளையமாய் அமர்வர். அவ்வளையத்திற்கு ஹல்கா என்று பெயர்.

“கண்டீரா, தூண் ஒன்றே போதுமாயிற்று” என்பர் முதல் சாரார். சற்றுப் பொறுத்தல் வேண்டும். அடுத்து வந்த கலீஃபா அஸீஸின் காலத்திலேயே, வஸீர் இப்னு கில்லிஸின் முயற்சியால், அங்குப் போதித்த 35 மார்க்க அறிஞர்களுக்கு ஊதியமும், பள்ளிக்கு அருகே வீடும் அளிக்கப்பட்டன. தூணருகே அவர்கள் கவலையின்றி அமர்ந்தனர் என்றால், தலைசாய்க்க அவர்களுக்கு ஓர் இல்லம் இருந்தது அன்றோ!

பின்னர் எழுந்தவை ரிவாக் எனப்படும் விடுதிகள். மக்ரிபினர், ஷாம் நாட்டினர், துருக்கியர் என அவரவர்க்குத் தனித்தனி ரிவாக்குகள் இருந்தன. மாணவர்களுக்கு வக்ஃபு வருவாயிலிருந்து ரொட்டி பங்கிடப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் பார்வையற்ற மாணவர்க்கென்றே ஓர் இடம் கட்டப்பட்டது. கண்ணில்லாத மாணவனுக்குத் தூணின் வேலைப்பாட்டால் ஆவதென்ன? அவனுக்கு வேண்டியவை பாடம் கேட்கும் இடமும், படுக்கும் இடமும், ரொட்டியுமே.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மது அலீ பாஷா வக்ஃபு நிலங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தார். அஸ்ஹரின் ஒரு தூணும் விழவில்லை. எனினும் ஆசிரியரின் ஊதியமும் மாணவரின் உணவும் குறைந்தன, கல்வி தளர்ந்தது. மண்டபம் உயர்ந்தால் போதும் என்னும் மறு சாரார்க்கு இதுவே விடை.

அவ்வாறாயின் புதுக் கட்டடம் வீணா? அதுவும் அன்று. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அஸ்ஹரில் மருத்துவம், பொறியியல் முதலிய துறைகள் சேர்ந்தன. நஸ்ர் நகரில் விரிந்த வளாகம் எழுந்தது. பெண்களுக்கென ஒரு கல்லூரியும் தோன்றியது. பழைய தூண்களே போதும் என்றிருந்தால், அறுவை மருத்துவம் எங்கே பயில்வது? நம் பெண்மக்கள் எங்கே அமர்வது? ஆக, சுவர் அறிவைத் தருவதில்லை. ஆயினும் அறிவை நாடி வருபவருள் யார் தங்கிப் பயிலலாம், யார் திரும்பிச் செல்ல வேண்டும் என்பதைச் சுவரே பெரும்பாலும் முடிவு செய்கிறது. எனவே கட்டடம் வெறும் செலவுக் கணக்கன்று. அது நீதி பற்றியதும் ஆகும்.

நாமும் ஒரு காலத்தில் முதல் சாராரைச் சேர்ந்தவரே. திண்ணையும் பாயுமே நாம் ஓதிய வகுப்பறை. ஆதலின், ஓதும் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் கட்டலாம் என்று ஒருமுறை பேச்சு எழுந்தபோது, “நமக்கில்லாதது இவர்களுக்கு எதற்கு?” என்று மறுத்துரைத்தோம். அவ்வாண்டு தொலைவூர்ப் பிள்ளை ஒருவன் தங்க இடமின்றி, கிதாபுகளை எம்மிடமே ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினான். எளிமை என்று நாம் பெருமை கொண்டதற்கு விலை கொடுத்தவன் அவன். அக்கிதாபுகள் இன்றும் நம் அலமாரியில் உள்ளன.

இனி ரசீதுப் புத்தகத்துடன் எவரேனும் நம் வாசலுக்கு வந்தால், எத்தனை மாடி என்று கேளாதிருப்போம். எத்தனை பிள்ளைகள் தங்கி உண்பார்கள், ஆசிரியர்க்கு வீடு உண்டா, இதுவரை வர இயலாத யார் இனி வருவார் என்று கேட்போம். தக்க விடை கிடைத்தால், கை சுருக்காது கொடுப்போமாக.