களம் கண்டவரின் வாக்குமூலம்

பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் எழுப்பிய ஜெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் அங்கே வெடிமருந்துச் சாலை ஒன்று இயங்கியது. பாடு முறைவைத்து ஏரியில் வலைவீசும் மீனவக் குப்பங்களின் பக்கத்தில் ஆக்கப்பட்ட அம்மருந்து, கப்பலேறிப் பத்தாவியா முதலிய கீழ்த்திசைத் துறைகளுக்குச் சென்றது. அது எவர் உடலைச் சிதைத்தது என்பதை மருந்தரைத்த கை அறியாது. போரைத் தொலைவிலிருந்து பாடிய புலவர் பெருமக்களின் நிலையும் ஏறக்குறைய அத்தகையதே.

நம் முன்னோர் விரும்பிப் படித்த படைப்போர் இலக்கியங்களை எடுத்துக்கொள்வோம். அசன் அலிப் புலவரின் ஐந்து படைப்போரும், வரிசை முகியித்தீன் புலவரின் சக்கூன் படைப்போரும் தமிழுக்கு நாம் அளித்த தனிவகைச் செல்வங்கள். ஆயினும் வீழ்ந்தவனின் வலியை அவ்வகை நூல்களில் காண்பது அரிது. கலிங்கத்துப் பரணியிலோ பேய்கள் பிணக்களத்தில் கூழ் சமைத்து உண்கின்றன. படிப்போர் நகைக்கவும் இடமுண்டு! வெற்றியைக் கொண்டாட எழுந்த நூல்களில் வலியைத் தேடுவது நம் பிழையாகவும் இருக்கலாம்.

அப்படியானால் வாளேந்தியவனே பாடினால் உண்மை வந்துவிடுமா? அதுவும் அத்துணை எளிதன்று. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் பாட்டு புறநானூற்றில் 72-ஆவதாக உள்ளது. அது போருக்குமுன் கூறிய வஞ்சினம். போர் முடிந்தபின் களத்தில் அவன் கண்டது யாதென அப்பாட்டால் அறிய வழியில்லை.

ஃபிக்ஹு நூல்களில் ஒரு விதி உண்டு. தனக்கு ஆதாயம் தரும் வழக்கில் ஒருவன் சொல்லும் சாட்சியம் ஏற்கப்படாது. தனக்கு எதிராக அவனே ஒப்புக்கொள்வதோ, இக்ரார் எனப்பெற்று, வலிய சான்றாகும். போர்வீரரின் கவிதைக்கும் இவ்வளவுகோலையே நான் கொள்வேன். ஹலப் அரசர் ஸைஃபுத் தவ்லாவின் அவையில் முதநப்பியும் இருந்தார், படைத்தலைவரான அபூ ஃபிராஸும் இருந்தார். கவித்திறனில் முதநப்பியே பெரியவர். ஆனால் 962-இல் ரோமரிடம் சிறைப்பட்டு, கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து தம் தாயை நினைத்து உருகிய அபூ ஃபிராஸிடமே போர் என்னவென்று நான் கேட்பேன்.

அவருக்கும் முந்தியவர் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 8-இல் (கி.பி. 629) மூத்தாவை நோக்கிச் சென்ற முஸ்லிம் படை, எதிரிகளின் பெருந்தொகையைக் கேள்வியுற்று மஆனில் தயங்கி நின்றபோது, அதனை ஊக்கி முன்செலுத்தியவர் அவரே. களத்தில் ஜைத் (ரலி), ஜஃபர் (ரலி) இருவரும் ஒருவர்பின் ஒருவராக வீழ, கொடி அவர் கைக்கு வந்தது. அப்போது அவரே சற்றுத் தயங்கினார் என்று இப்னு இஸ்ஹாக் அறிவிக்கிறார். அத்தயக்கத்தை அவர் மறைக்கவில்லை. தம் உள்ளத்தை எதிரில் நிறுத்தி இடித்துரைத்துப் பாடினார். குதிரையினின்று இறங்கியவருக்கு உறவினர் ஒருவர் இறைச்சி ஒட்டிய எலும்பொன்றைக் கொடுத்து, உடலைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார். ஒரு கடி கடித்திருப்பார். களத்தின் ஒருபுறத்தில் ஆரவாரம் எழுந்தது. உண்டுகொண்டிருப்பதற்காகத் தம்மையே கடிந்து, எலும்பை எறிந்துவிட்டு, வாளெடுத்துச் சென்று ஷஹீதானார். ஓர் எலும்புத் துண்டையும் விடாமல் எழுதிவைத்த வரலாற்றாசிரியர்களின் நேர்மை போற்றற்பாலது. பிற்காலத்தார் எழுதியிருந்தால் அந்தத் தயக்கத்தை அழித்திருப்பர் என்றே தோன்றுகிறது.

இக்ராருக்கு ஓர் எல்லையும் உண்டு. அது சொன்னவரை மட்டுமே கட்டும், பிறர்மீது செல்லாது. இலங்கையை எண்ணும்போதெல்லாம் இவ்விதி என் நினைவுக்கு வரும். விடுதலைப் புலிகள் இயக்கத்துப் போராளியும் கவிஞருமான வானதி 1991-இல் ஆனையிறவுப் போரில் இறந்தார். தாம் எழுதாது செல்லும் கவிதையைப் பிறர் எழுதுமாறு வேண்டும் அவருடைய பாட்டு பெயர்பெற்றது. சாவின் வாயிலில் நின்ற இளம்பெண்ணின் சொல்லைப் பொய்யெனத் தள்ள என்னால் இயலாது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டை மறந்துவிட்டு அதனைப் படிக்கவும் இயலவில்லை. 1990 ஆகஸ்டு 3-இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபர் 30-இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி அவ்வியக்கம் ஆணையிட்டது. வடபுலத்தை விட்டு அவ்வாறு துரத்தப்பட்டோர் 70,000-க்கும் மேற்பட்டவர். பலர் புத்தளத்து முகாம்களில் ஒதுங்கினர். அவர்கள் பேசியதும் அழுததும் தமிழில்தான்.

வானதியின் வேண்டுகோளில் இன்னார்தாம் எழுத வேண்டும் என்ற வரையறை இல்லை. புத்தளத்தில் வளர்ந்த பிள்ளை ஒன்று அவ்வெற்றிடத்தில் எழுதத் தொடங்குமானால், அந்த இரண்டு மணி நேரத்திலிருந்துதான் தொடங்கும்.